உயிரைக் காக்கும் வலையே உயிரைப் பறிப்பது ஏன்?

பட்டறையில் ஒருவர் தகரம் வெட்டிக் கொண்டிருக்கிறார். கை தவறிவிடுகிறது. விரலில் ஆழமான கீறல். குபுகுபுவென்று ரத்தம் வருகிறது.

பக்கத்தில் நிற்பவர் ஓடிவந்து கைக்குட்டையைச் சுற்றுகிறார். "அழுத்திப் புடி, நின்னுடும்" என்கிறார்.

அவர் சொன்னபடியே நடக்கிறது. சில நிமிடங்களில் ரத்தம் நின்றுவிடுகிறது. மறுநாள் அந்த இடத்தில் பக்கு கட்டியிருக்கிறது. சில நாளில் அதுவும் உதிர்ந்துவிடுகிறது. அடிபட்டவர் அதை மறந்தே போகிறார்.

இன்னொரு காட்சி.

ஆபீசில் குமாஸ்தா வேலை பார்ப்பவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. நள்ளிரவில் நெஞ்சு வலிக்கிறது. வேர்த்துக் கொட்டுகிறது. "வாயுப் பிடிப்பாக இருக்கும்" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கிறார். விடிவதற்குள் அந்த வீட்டில் அழுகுரல் கேட்கிறது.

முதல் காட்சியில் உயிரைக் காத்தது எதுவோ, இரண்டாவது காட்சியில் உயிரைப் பறித்ததும் அதுதான்! அதற்கு ரத்த உறைவு என்று பெயர்.

ரத்தம் எப்படி உறைகிறது? தேவையான இடத்தில் உறையும் ரத்தம், தேவையில்லாத இடத்திலும் ஏன் உறைகிறது? முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்ட உண்மைகள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படக் கூடியவை.

கழுவிப் பார்த்தார்!

கறிக்கடையில் பாத்திரத்தில் பிடித்து வைத்த ஆட்டு ரத்தத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிறிது நேரத்தில் அது அல்வா போலக் கட்டியாகிவிடும். கத்தியால் துண்டு போடலாம். அப்போது அந்தக் கட்டி முழுவதும் ரத்தம் என்றுதான் நமக்குத் தோன்றும்.

இத்தாலி நாட்டு மருத்துவர் மார்செல்லோ மால்பிகி அப்படி நினைக்கவில்லை. அவர் உறைந்த ரத்தக் கட்டியை எடுத்துத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினார். சிவப்பு நிறம் எல்லாம் கரைந்து போயிற்று. கடைசியில் வெள்ளை நிறத்தில் ஏதோ மிஞ்சியது. அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். மெல்லிய இழைகள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன!

இது நடந்தது 1666-ம் ஆண்டு வாக்கில். ரத்தக் கட்டி என்பது ஒரு வலை. சிவப்பு அணுக்கள் அதில் சிக்கிய மீன்கள். இதை முதலில் கண்டவர் மால்பிகிதான்.

அந்த இழைகள் எங்கிருந்து வந்தன? இந்தக் கேள்விக்கு விடை காண நூறு ஆண்டுகள் ஆயின. உடம்பை விட்டு வெளியே வந்து குளிர்ந்து போவதால்தான் ரத்தம் உறைகிறது என்று பலர் நம்பி வந்தார்கள். லண்டனில் இருந்த வில்லியம் ஹியூசன் என்ற மருத்துவர் அது தவறு என்று காட்டினார். ரத்தத்தைக் குளிர வைத்தால் அது உறையத் தாமதமாகுமே தவிர, வேகமாக உறையாது என்பதைச் சோதனை செய்து காண்பித்தார். உறைவது சிவப்பு அணு அல்ல, அதைச் சுமந்து ஓடும் வெளிர் மஞ்சள் நீர்தான் என்றும் சொன்னார். அந்த நீரைத்தான் இன்று பிளாஸ்மா என்கிறோம். இந்த ஆராய்ச்சி நூல் 1771-ல் வெளிவந்தது. ஹியூசன் 1774-ல் இறந்து போனார். பிணத்தை அறுத்துச் சோதிக்கும்போது கையில் பட்ட காயம் சீழ்ப் பிடித்ததே அவர் உயிருக்கு எமனாயிற்று.

நூல் ஓடுகிறது

நம் ரத்தத்தில் எந்நேரமும் கண்ணுக்குத் தெரியாத நூல் ஓடிக் கொண்டே இருக்கிறது. அதற்கு பைப்ரினோஜன் என்று பெயர். அது ஒரு வகைப் புரதம். கல்லீரலில் உற்பத்தியாகிறது.

அது மிகமிகச் சிறிய குச்சி போன்றது. இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு குமிழ். நடுவில் ஒரு குமிழ். ஒரு மில்லி மீட்டர் நீளத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குச்சிகளை வரிசையாக நிறுத்திவிடலாம்! எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகு, 1959-ல்தான் இந்த மூன்று குமிழ் வடிவம் படமாகப் பிடிபட்டது.

ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் இந்த நூல் 2 முதல் 4 கிராம் வரைதான் இருக்கும். இவ்வளவு குறைந்த நூலை வைத்துக் கொண்டு ரத்தம் முழுவதையும் கட்டியாக்கிவிடுகிறது நம் உடம்பு.

நூல் இருந்தாலும் சும்மா இருக்கும்போது அது ஏன் வலையாக மாறுவதில்லை? குச்சிகளின் நடுக் குமிழில் சிறிய மூடிகள் இருக்கின்றன. மூடி இருக்கும்வரை ஒரு குச்சி இன்னொன்றோடு ஒட்டாது.

காயம் பட்டவுடன் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் தொடங்குகின்றன. தட்டணுக்கள் என்ற நுண்ணிய அணுக்கள் ஓடிவந்து, கிழிந்த இடத்தில் ஒட்டிக் கொண்டு முதல் அடைப்பைப் போடுகின்றன. இன்னொரு பக்கம், ரத்தத்தில் தூங்கிக் கொண்டிருக்கும் பல பொருள்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்புகின்றன. முடிவில் த்ராம்பின் என்ற பொருள் விழித்துக் கொள்கிறது. அதற்கு அந்தப் பெயரை வைத்தவர் 19-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாண்டர் ஷ்மிட் என்ற விஞ்ஞானி.

த்ராம்பின் ஒரு கத்தரி. அது குச்சிகளின் மூடிகளைக் கத்தரித்து விடுகிறது. உடனே ஒரு குச்சியின் நடுக்குமிழில் உள்ள முனை, அடுத்த குச்சியின் ஓரக் குமிழில் உள்ள குழியில் போய்ப் பொருந்திக் கொள்கிறது. சட்டையில் பித்தான் மாட்டுவது போல!

கொத்தனார் செங்கல் வரிசையை எப்படி வைக்கிறார்? கீழ் வரிசையில் இரண்டு கல் சேரும் இடத்துக்கு நேர் மேலே ஒரு முழுக் கல்லை வைப்பார். அதே முறையில்தான் குச்சிகளும் அடுக்கப்படுகின்றன. இப்படி நீண்ட இழைகள் உண்டாகின்றன. பல இழைகள் சேர்ந்து கயிறாகின்றன. கயிறுகள் கிளை பிரிந்து வலையாகின்றன. இந்த வலைக்கு பைப்ரின் என்று பெயர்.

இந்த வேலைக்குச் சுண்ணாம்புச் சத்தும் தேவை. ரத்த தானம் செய்யும்போது பையில் பிடித்த ரத்தம் உறைவதில்லை அல்லவா? அந்தப் பையில் ஏற்கனவே ஊற்றி வைத்திருக்கும் மருந்து, சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப் போட்டுவிடுவதே காரணம்.

பைப்ரின் கயிறு ரப்பர் போல இழுபடக் கூடியது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஒற்றை இழையைப் பிடித்து இழுத்துப் பார்த்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். இருந்த நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீண்ட பிறகே அது அறுந்தது! நாம் கையை மடக்கி நீட்டினாலும், காயத்தின் மேல் உள்ள வலை கிழியாமல் இருப்பதன் ரகசியம் இதுதான்.

தையல் போடுபவர் யார்?

வலை பின்னி முடிந்ததும் வேலை தீர்ந்து விடுவதில்லை. பித்தான் மாட்டிய சட்டை இழுத்தால் கழன்றுவிடும். அதற்கு மேல் தையல் போட வேண்டும்.

அந்தத் தையலைப் போடும் பொருள் ஒன்று இருப்பதை 1948-ல் கல்மான் லாக்கி, லாஸ்லோ லோரண்ட் என்ற ஹங்கேரி நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். நாம் வயலுக்குப் போடுகிறோமே, அந்த யூரியாவைத் தண்ணீரில் கரைத்து அதில் பைப்ரின் கட்டியைப் போட்டார்கள். சுத்தம் செய்து எடுத்த பொருள்களால் உண்டாக்கிய கட்டி கரைந்து போயிற்று. ரத்தத்தில் இயற்கையாக உண்டான கட்டி கரையவில்லை. அப்படியானால் ரத்தத்தில் ஏதோ ஒன்று கட்டியை உறுதியாக்குகிறது என்று முடிவு செய்தார்கள். இன்று அதற்கு 13-வது காரணி என்று பெயர்.

இந்தத் தையல் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. தொப்புள் கொடி விழும் சமயத்தில் ரத்தம் கசியும். நின்றது போல நிற்கும், மறுபடியும் வரும். வலை உண்டாகிறது, ஆனால் நிலைக்கவில்லை. சாதாரண ரத்த உறைவுச் சோதனைகளில் இந்தக் குறை தெரியாது. அதே யூரியாச் சோதனைதான் காட்டிக் கொடுக்கும். இந்த நோய் முதன்முதலில் 1960-ல் சுவிட்சர்லாந்தில் ஒரு சிறுவனிடம் கண்டறியப்பட்டது.

இது அபூர்வமான நோய்தான். ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்து சேர்ந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும் என்பதால், நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று பெண் எடுப்பதும் கொடுப்பதும் நம்மிடையே பழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இந்திய நோயாளிகளிடம் இந்தக் குறையின் பரம்பரைக் காரணங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். குழந்தையின் தொப்புளில் ரத்தம் நிற்காமல் கசிந்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக் கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். குறை தெரிந்துவிட்டால் மருந்து கொடுத்துக் காப்பாற்ற முடியும்.

நூல் தீர்ந்து போனால்?

தையல் இல்லாவிட்டால் இந்தக் கதி. நூலே தீர்ந்து போனால் என்ன ஆகும்?

கண்ணாடி விரியன் பாம்பு கடித்தவரின் உடம்பில் நடப்பது அதுதான். அந்த விஷம் ரத்தத்தில் தூங்கும் பொருள்களைத் தாறுமாறாக எழுப்பி விடுகிறது. காயமே இல்லாத இடங்களில் எல்லாம் த்ராம்பின் வேலை செய்யத் தொடங்குகிறது. உடம்பு முழுவதும் ரத்தத்தில் சிறு சிறு துணுக்குகளாக வலை உண்டாகி, உண்டாகிக் கரைகிறது. கையிருப்பில் இருந்த பைப்ரினோஜன் முழுவதும் செலவாகிவிடுகிறது. அதன் பிறகு ரத்தம் உறையவே உறையாது. பல் ஈறிலிருந்தும், ஊசி போட்ட இடத்திலிருந்தும்கூட ரத்தம் கசியும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாய் போதும். கடிபட்டவரின் ரத்தத்தில் இரண்டு மில்லி எடுத்து அதில் விட்டு, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீர் போல ஓடினால் விஷம் ஏறிவிட்டது என்று பொருள். உடனே விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். கிராமத்துச் சிறிய ஆஸ்பத்திரியிலும் செய்யக் கூடிய சோதனை இது. குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. கண்ணாடியின் பரப்பு ரத்தத்தை உறையத் தூண்டும். பிளாஸ்டிக் அப்படித் தூண்டாது.

விஷத்தையே மருந்தாக்கியவர்களும் இருக்கிறார்கள். லண்டனில் மக்ஃபர்லேன், பார்னெட் என்ற இருவர் 1934-ல், மிகவும் நீர்த்த கண்ணாடி விரியன் விஷத்தைக் கொண்டு, ரத்தம் நிற்காத நோய் உள்ளவரின் ரத்தக் கசிவை நிறுத்திக் காட்டினார்கள்! உடம்புக்குள் சென்றால் நூலைத் தீர்த்துவிடும் விஷம், வெளியே காயத்தின் மேல் துளி அளவு வைத்தால் வலை பின்ன வைக்கிறது.

விஷமுறிவு மருந்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கப்பட்டது. பரம்பரையாகப் பாம்பு பிடிக்கும் இருளர் மக்கள் அங்கே பாம்புகளைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுக்கிறார்கள். அந்த விஷம் மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குப் போகிறது. குதிரைக்குச் சிறிது சிறிதாக அதை ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகிறார்கள். மும்பை பரேலில் நாம் நாள்தோறும் கடந்து போகும் ஹாஃப்கின் நிறுவனம் இந்த மருந்துத் தயாரிப்பில் நீண்ட வரலாறு உடையது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் ஒரே மருந்து வேலை செய்யும்.

ஊரில் இருக்கும் உறவினர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். பாம்பு கடித்தால் கத்தியால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. இறுக்கிக் கட்டுப் போடக் கூடாது. கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

மீன்வலையா? கொசுவலையா?

நூல் இல்லாவிட்டால் ஆபத்து. சரி, நூல் நிறைய இருந்து, வலையும் நெருக்கமாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை! அங்கேதான் இரண்டாவது காட்சியின் ரகசியம் இருக்கிறது.

இரண்டாவது உலகப் போர் நடந்த காலம். காயம்பட்ட சிப்பாய்களுக்காக அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் எட்வின் கோன் என்பவர் தலைமையில் ரத்தத்தைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து வந்தார்கள். ஜான் ஃபெர்ரி, பீட்டர் மாரிசன் என்ற இருவர் பைப்ரினைக் கவனித்துக் கொண்டார்கள். அவர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள்.

அதே நூல், அதே கத்தரி. உப்பின் அளவையும் புளிப்புத் தன்மையையும் மட்டும் மாற்றினால் இரண்டு விதமான கட்டி உண்டாயிற்று. ஒன்று கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. இன்னொன்று பால் போல வெள்ளையாக இருந்தது. தெளிவான கட்டியில் இழைகள் மெலிந்தும் கண்கள் சிறுத்தும் இருந்தன. வெள்ளைக் கட்டியில் இழைகள் பருத்தும் கண்கள் அகன்றும் இருந்தன.

எளிதாகச் சொன்னால் ஒன்று கொசுவலை, மற்றொன்று மீன்வலை!

அந்த ஆராய்ச்சியில் பிறந்த பைப்ரின் நுரையும் பைப்ரின் தாளும், மூளை அறுவைச் சிகிச்சையில் ரத்தக் கசிவை நிறுத்தவும் கிழிந்த உறையை ஒட்டுப் போடவும் அந்தப் போர்க் காலத்திலேயே பயன்பட்டன.

பின்னர் சுவீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமில் பிர்கர் பிளோம்பெக், மார்கரெட்டா பிளோம்பெக் என்ற விஞ்ஞானத் தம்பதிகள் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்கள். வலையின் கண் பெரிதா, சிறிதா என்று அளக்க அங்கே கையாண்ட முறை மிக எளிமையானது. குழாயில் பைப்ரின் கட்டியை உண்டாக்கி, அதன் வழியாகத் தண்ணீர் போன்ற திரவத்தை ஓட விட்டார்கள். வேகமாக ஓடினால் கண் பெரிது. மெதுவாகக் கசிந்தால் கண் சிறிது. வீட்டில் காப்பி வடிகட்டுபவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

கண்ணின் அளவை எது தீர்மானிக்கிறது? முக்கியமாக இரண்டு. ஒன்று, நூலின் அளவு. ரத்தத்தில் பைப்ரினோஜன் கூடினால் வலை நெருக்கமாகிறது. இன்னொன்று, கத்தரியின் வேகம். த்ராம்பின் அதிகமாக, வேகமாக வந்தால் இழைகள் பருக்க நேரமில்லை. மெல்லிய இழைகள் நெருக்கமாகப் பின்னிக் கொள்கின்றன. த்ராம்பின் மெதுவாக வந்தால் பருத்த இழைகளும் அகன்ற கண்களும் உண்டாகின்றன.

இளம் வயதில் மாரடைப்பு

45 வயதுக்குள் மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களின் ரத்தத்தை ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 1996-ல் முடிவு வெளியாயிற்று. அவர்களுடைய ரத்தத்தில் உண்டான வலை, நலமாக உள்ளவர்களின் வலையைவிட நெருக்கமாகவும் விறைப்பாகவும் இருந்தது! கொசுவலை பின்னும் ரத்தம் அவர்களுடையது.

2006-ல் பாரிஸ் நகர டாக்டர்கள் வெளியிட்ட ஆய்விலும் இதே போன்ற முடிவு கிடைத்தது. இளம் வயதில் இருதய நோய் வந்தவர்களின் ரத்தக் கட்டி விறைப்பாக இருந்ததோடு, கரைவதற்கும் அதிக நேரம் எடுத்துக் கொண்டது.

மாரடைப்பு எப்படி வருகிறது? இருதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயின் சுவரில் ஆண்டுக் கணக்கில் கொழுப்புத் திட்டு சேருகிறது. ஒரு நாள் அந்தத் திட்டு வெடிக்கிறது. உடம்புக்கு அது கொழுப்பு என்று தெரியாது. பட்டறைத் தொழிலாளியின் விரலைப் போல அதுவும் ஒரு காயம் என்றே நினைக்கிறது. ஓடிவந்து வலை பின்னுகிறது. குழாய் அடைபடுகிறது. இருதயத்தின் ஒரு பகுதி ரத்தமின்றித் தவிக்கிறது.

அந்த நேரத்தில் உண்டாவது மீன்வலையா, கொசுவலையா என்பதைப் பொறுத்துப் பிழைக்கும் வாய்ப்பு மாறலாம்.

கொசுவலை பின்ன வைப்பவை எவை? சர்க்கரை நோயாளிகளின் பைப்ரினோஜனைப் பிரித்தெடுத்து இங்கிலாந்தின் லீட்ஸ் நகர விஞ்ஞானிகள் 2005-ல் ஆராய்ந்தார்கள். அதில் உண்டான கட்டி நெருக்கமாக இருந்தது. ரத்தத்தில் உள்ள சர்க்கரை நூலிலேயே ஒட்டிக் கொண்டு அதன் குணத்தை மாற்றுகிறது என்பது அவர்கள் கருத்து.

அடுத்தது புகை. சிகரெட் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களின் ரத்தத்தை, புகைப்பதற்கு முன்பும் இரண்டு சிகரெட் புகைத்த பின்பும் எடுத்து அமெரிக்க டாக்டர்கள் ஒப்பிட்டார்கள். 2010-ல் வெளியான முடிவு திடுக்கிட வைத்தது. புகைத்த பிறகு ரத்தம் சீக்கிரம் உறைந்தது. இழைகள் மெலிந்தன. வலை நெருங்கியது. பல ஆண்டுப் புகையின் விளைவு அல்ல இது. இரண்டே சிகரெட்டின் விளைவு!

"பீடி ஒன்று பிடித்தால் அசதி போகும்" என்பவர்கள் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கரைப்பவனும் உள்ளே இருக்கிறான்

வலை பின்னும் உடம்பு, அதை அவிழ்க்கவும் வழி வைத்திருக்கிறது. காயம் ஆறிய பிறகு வலை அங்கேயே கிடந்தால் ரத்தக் குழாய் அடைபட்டுப் போகுமே! பிளாஸ்மின் என்ற பொருள்தான் வலையை அறுத்துக் கரைக்கும் வேலையைச் செய்கிறது.

கொரோனா காலத்தில் டி-டைமர் சோதனை என்று எல்லோரும் பேசிக் கொண்டார்கள். அது என்ன தெரியுமா? தையல் போட்ட பைப்ரின் வலையை பிளாஸ்மின் அறுக்கும்போது விழும் துண்டுக்குத்தான் டி-டைமர் என்று பெயர். துண்டு அதிகம் கிடந்தால், உள்ளே எங்கோ வலை உண்டாகி, அறுபட்டுக் கொண்டிருக்கிறது என்று டாக்டர்கள் சந்தேகிக்கிறார்கள்.

வெளியிலிருந்து மருந்து கொடுத்தும் வலையைக் கரைக்கலாம். தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஒரு வகைக் கிருமி ரத்தக் கட்டியைக் கரைப்பதை அமெரிக்க டாக்டர் வில்லியம் டில்லெட் 1933-ல் கவனித்தார். அந்தக் கிருமியிலிருந்து கிடைத்த மருந்துதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ்.

அது மாரடைப்பில் எந்த அளவு உதவும்? 16 நாடுகளில் 417 ஆஸ்பத்திரிகளில் 17,187 நோயாளிகளை வைத்து ஒரு மாபெரும் சோதனை நடந்தது. முடிவு 1988-ல் வெளியாயிற்று. இரண்டு மருந்தும் பெறாதவர்களில் நூற்றுக்கு 13 பேர் ஐந்து வாரத்துக்குள் இறந்தார்கள். இந்த மருந்தையும் ஆஸ்பிரினையும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 8 பேர் இறந்தார்கள். அதாவது நூற்றுக்கு ஐந்து குடும்பங்கள் தப்பின.

சண்டிகர் நகரில் உள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், இந்த மருந்தை நம் நாட்டிலேயே தயாரிக்க வழி கண்டார்கள். இப்போது இதைவிடப் புதிய மருந்துகளும் இருக்கின்றன. வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் ரத்தக் குழாய்க்குள் பலூனைச் செலுத்தி அடைப்பை நேராகவே திறந்துவிடுகிறார்கள்.

காலம்தான் எதிரி

எந்தச் சிகிச்சையானாலும் நேரத்தோடு போனால்தான் முழுப் பலன் கிடைக்கும். ஏன்?

அதற்கும் வலையே விடை சொல்கிறது. புதிதாகப் பின்னிய வலை இளகலாக இருக்கிறது. அதன் கண்கள் வழியே மருந்து உள்ளே போக முடியும். நேரம் ஆக ஆக 13-வது காரணி மேலும் மேலும் தையல் போடுகிறது. தட்டணுக்கள் இழைகளைப் பிடித்து இழுத்து வலையைச் சுருக்குகின்றன.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தில் ஜான் வீசல் முதலிய விஞ்ஞானிகள் 2014-ல் வெளியிட்ட படங்கள் இதைக் கண்முன் காட்டின. வட்டமான சிவப்பு அணுக்கள், சுருங்கிய கட்டிக்குள் நெருக்குண்டு, பட்டை தீட்டிய கற்களைப் போல இடைவெளியில்லாமல் அடுக்கப்பட்டுக் கிடந்தன. சுவர் எழுப்பியது போல! அதற்குள் மருந்து நுழைவது கடினம்.

ஆகவே, நெஞ்சு வலி வந்தவர் சோடா குடித்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தச் சுவர் இறுகிக் கொண்டிருக்கிறது. அதே சமயம் இருதயத் தசை செத்துக் கொண்டிருக்கிறது.

மூளைக்குப் போகும் குழாய் அடைபட்டால் பக்கவாதம் வரும். முகம் ஒரு பக்கம் கோணும். கை தூக்க வராது. பேச்சுக் குழறும். அதற்கும் வலையைக் கரைக்கும் மருந்து உண்டு. ஆனால் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்கு முன் மூளையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பக்கவாதம் அடைப்பினால் வந்திருக்கலாம். ரத்தக் குழாய் வெடித்தும் வந்திருக்கலாம். வெடித்து வந்திருந்தால் கரைக்கும் மருந்தே விஷமாகிவிடும். அதனால்தான் "ரத்தத்தை இளக்கும் மாத்திரை" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது.

ஊரை விட்டு வந்து தனி அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நள்ளிரவில் வலி வந்தால் "அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது", "நாளைக்கு லீவு போட முடியாது", "ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் இல்லை" என்று தயங்குவது வழக்கம். நடு நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வேர்வை, மூச்சு முட்டல் இவை வந்தால் அறையில் உள்ளவர்களை எழுப்புங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் அந்த எண்ணில் ஆம்புலன்சு இலவசமாக வரும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி தெரியாமல், களைப்பும் வாந்தியும் மட்டும் வருவதும் உண்டு. அதையும் அலட்சியம் செய்யக் கூடாது.

பட்டறையில் விரலை வெட்டிக் கொண்டவரிடம் பக்கத்தில் நின்றவர் "அழுத்திப் புடி, நின்னுடும்" என்றார். அது சரியான யோசனை. நெஞ்சு வலிக்கும் நண்பரிடம் "கொஞ்சம் படு, சரியாயிடும்" என்று சொன்னால் அது தவறான யோசனை.

விரலில் பின்னும் வலைக்கு நேரம் கொடுக்க வேண்டும். இருதயத்தில் பின்னும் வலைக்கு நேரம் கொடுக்கக் கூடாது.